மறுப்பும் மறுப்பின் காரணமும்

சென்ற திங்கள் இப்பகுதியில், கணினி நிரலுக்குள் வரும் தரவை வாயிலிலேயே நிறுத்திச் சோதிக்க வேண்டியதன் இன்றியமையாமை பற்றி எழுதியிருந்தோம். அதனைப் படித்த நம் சங்க உறுப்பினர் ஒருவரின் மகள், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் செல்வி, வினா ஒன்று விடுத்துள்ளார். "தவறான தரவைக் கொடுத்தால் என் நிரல் மறுக்கின்றது. மறுக்கின்றதா என்று பார்க்கும் சோதனையும் எழுதிவிட்டேன்; அதுவும் தேறிவிட்டது. ஆயினும், மறுப்புச் செய்தியில் என்ன எழுதியிருக்கின்றது என்பதையும் சோதித்து வா என்று ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுத்தது போதாதா? சொல்லையும் ஏன் பார்க்க வேண்டும்?" என்பது அவர் வினா.

நல்ல வினா. இன்று நம் குடும்பங்களில் பைத்தான் பயிலாத பிள்ளைகள் குறைவு. ஆதலின் இதற்கு விடை தனி மடலாக அமைவதினும் இப்பகுதியிலேயே அமைவது பலர்க்கும் பயன்படும் எனக் கருதினோம். சுருங்கக் கூறின், மறுத்தது போதாது. எதற்காக மறுத்தது என்பதையும் அறிதல் வேண்டும். எங்ஙனம் என்பதைக் காண்போம்.

பைத்தான் மொழியைக் கைடோ வான் ரோஸம் என்பார் 1991-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அம்மொழியில் நிரலின் ஒரு பகுதி தன் பணியைத் தொடர இயலாதபோது, 'ரெய்ஸ்' என்னும் சொல்லால் 'எக்ஸெப்ஷன்' ஒன்றை எழுப்புகின்றது. அதனை எவரேனும் ஏற்றுக் கையாளவில்லையெனில் நிரல் அங்கேயே நின்றுவிடும். எக்ஸெப்ஷன் பல வகைப்படும். எண் வரவேண்டிய இடத்தில் பட்டியல் வந்தால் 'டைப் எரர்'. வகை சரியாயிருந்தும் மதிப்புப் பொருந்தாவிடில் 'வேல்யூ எரர்'. இவ்வகைப் பெயரோடு ஒரு செய்தியும் சேர்ந்து வரும். வகை நிரலுக்கு உரியது. செய்தி மனிதருக்கு உரியது. அச்செல்வி வகையை மட்டும் சோதித்தார். ஆசிரியர் செய்தியையும் சோதிக்கச் சொன்னார். வழக்கு இவ்வளவே.

எடுத்துக்காட்டின்றி இது விளங்காது. நமக்குத் தெரிந்த தொழிலிலிருந்தே ஒன்று எடுப்போம்.

இருப்புப்பாதைக் கடவில் காத்து நிற்கையில், கடந்து செல்லும் சரக்கு வேகன்களின் பக்கத்தில் 11 இலக்கங்கள் கொண்ட எண் எழுதப்பட்டிருப்பதை அன்பர்கள் கண்டிருப்பீர்கள். முதல் இரண்டு இலக்கங்கள் வேகனின் வகையைக் குறிக்கும். அடுத்த இரண்டு அதற்குரிய இரயில்வேயைக் குறிக்கும். அதற்கடுத்த இரண்டு கட்டப்பட்ட ஆண்டு. பின்வரும் நான்கு அவ்வேகனுக்கே உரிய தனி எண். பதினோராவது இலக்கத்திற்குத் தனிப் பொருள் இல்லை. அது முன்னுள்ள பத்தையும் காவல் செய்யும் சரிபார்ப்பு இலக்கம்.

அதனைக் கணிக்கும் முறை எளிது. இரட்டைப்படை இடங்களிலுள்ள இலக்கங்களைக் கூட்டி மூன்றால் பெருக்குக. ஒற்றைப்படை இடங்களிலுள்ளவற்றைக் கூட்டி அதனோடு சேர்க்க. வரும் தொகையைப் பத்தின் அடுத்த மடங்காக்க எவ்வளவு வேண்டுமோ, அதுவே சரிபார்ப்பு இலக்கம். தொகை பத்தின் மடங்காகவே இருப்பின் அது சுழி. விளக்கத்திற்காக நாம் அமைத்துக்கொண்ட எண் 3108061001 எனக் கொள்வோம். இரட்டைப்படை இடங்களில் 1, 8, 6, 0, 1, கூட்டுத்தொகை 16, மூன்றால் பெருக்க 48. ஒற்றைப்படை இடங்களில் 3, 0, 0, 1, 0, கூட்டுத்தொகை 4. ஆக 52. அறுபதாக்க வேண்டுவது 8. எனவே முழு எண் 31080610018.

ஓர் இலக்கம் மாறி எழுதப்படின் இக்காவல் தவறாது காட்டிக்கொடுக்கும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். அவற்றின் வேறுபாடு ஐந்தாயிருப்பின் மட்டும் ஏமாறும். மேற்கண்ட எண்ணில் ஆறாம் இடத்து 6-உம் ஏழாம் இடத்து 1-உம் இடம் மாறினால் தொகை 42 ஆகும். வேண்டும் இலக்கம் அப்போதும் எட்டே. எந்தக் காவலுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதற்கு இது சான்று.

இனி, இவ்வெண்ணைச் சோதிக்கும் நிரல் ஒன்றைப் பைத்தானில் எழுதுவோம். அதற்கு மூன்று விதிகள். முதலாவது, பதினோர் எழுத்துகள் இருத்தல் வேண்டும். இரண்டாவது, அனைத்தும் இலக்கங்களாதல் வேண்டும். மூன்றாவது, முதல் பத்து இலக்கங்களைக் கொண்டு கணித்த விடை இறுதி இலக்கத்தோடு ஒத்தல் வேண்டும். எவ்விதி பிழைத்தாலும் வேல்யூ எரர். செய்தி மட்டும் வெவ்வேறு: "வேகன் எண் 11 இலக்கம் கொண்டிருக்க வேண்டும்; வந்தது 10" என்பது ஒன்று. "3-ஆம் இடத்தில் இலக்கம் அல்லாத எழுத்து உள்ளது" என்பது மற்றொன்று. "சரிபார்ப்பு இலக்கம் பொருந்தவில்லை, எண்ணை வேகனில் மீண்டும் பார்க்கவும்" என்பது மூன்றாவது.

மூன்றாம் செய்தியில் 'வேண்டுவது 8' என்று விடையை நாம் சொல்லாததைக் கவனிக்க. சொன்னால், இரவுப் பணியில் விரைவிலிருக்கும் எழுத்தர் இறுதி இலக்கத்தை மட்டும் எட்டாக்கிவிட்டுப் போய்விடுவார். பிழை முன்னுள்ள இலக்கங்களில் இருந்தால், அது அப்படியே தங்கி, வேறொரு வேகனின் எண்ணாகவே பதிவாகிவிடவும் கூடும். செய்தி எதைச் சொல்ல வேண்டும் என்பதைப் போலவே எதைச் சொல்லலாகாது என்பதும் சிந்தித்து எழுதத்தக்கது.

இப்போது அச்செல்வி எழுதியது போன்ற சோதனைகளை எழுதிப் பார்ப்போம். பைடெஸ்ட் என்னும் சோதனைக் கருவியில் 'ரெய்ஸஸ்' என்று ஒன்று உண்டு. 'இப்பகுதிக்குள் வேல்யூ எரர் எழும். எழாவிடில் சோதனை தவறியது' என்று அதன்வழி அறிவிக்கலாம். இறுதி இலக்கம் விடுபட்ட 3108061001 என்னும் பத்திலக்க எண்ணைக் கொடுக்கின்றோம். வேல்யூ எரர் எழுகின்றது, சோதனை தேறுகின்றது. சுழிக்குப் பதில் ஆங்கில 'ஓ' எழுத்து வைத்த எண்ணைக் கொடுக்கின்றோம். அதுவும் தேறுகின்றது. இறுதி இலக்கம் 7 எனத் திரிந்த எண்ணைக் கொடுக்கின்றோம். அதுவும் தேறுகின்றது. மனநிறைவோடு எழுந்து போகலாம் போலத் தோன்றும்.

போகுமுன், நிரலிலிருந்து முதல் விதியை அடியோடு நீக்கிவிட்டுச் சோதனைகளை மீண்டும் ஓட்டுக. பத்திலக்கச் சோதனை இப்போது தவற வேண்டும் அன்றோ? தவறாது! நீளத்தைக் கேட்க ஆளில்லாமையால் அவ்வெண் மூன்றாம் விதிவரை செல்லும். அங்கே பத்து இலக்கங்களுக்கும் கணித்த விடை 8. இறுதியில் நிற்பதோ 1. "சரிபார்ப்பு இலக்கம் பொருந்தவில்லை" என்று வேல்யூ எரர் எழும். சோதனை கேட்டது வேல்யூ எரர். கிடைத்ததும் வேல்யூ எரர். ஆகவே தேறிற்று.

இரண்டாம் விதியையும் நீக்கிப் பார்க்க. 'ஓ' எழுத்து கணக்குக்குள் நுழையும். எழுத்தை எண்ணாக்கும் 'இன்ட்' என்னும் செயற்கூறு அதனை ஏற்காது, பைத்தானுக்கே உரிய ஆங்கிலச் செய்தியோடு வேல்யூ எரர் எழுப்பும். இச்சோதனையும் தேறிற்று. மூன்று விதிகளில் இரண்டு போய்விட்டன. மூன்று சோதனைகளும் தேறி நிற்கின்றன. காவலர் இருவர் வேலையை விட்டுப் போனபின்னும் வருகைப் பதிவேட்டில் மூவர்க்கும் கையொப்பம் இருப்பதை ஒக்கும் இது.

இதனால் வரும் தீங்கு யாது? தவறான எண் எப்படியும் மறுக்கப்பட்டதே எனலாம். ஆனால் ஓர் இலக்கம் விடுபட்டுப் போன எழுத்தரிடம் 'சரிபார்ப்பு இலக்கம் பொருந்தவில்லை' என்று சொன்னால், அவர் இருக்கின்ற பத்தையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்பார். பத்தும் சரியாகவே இருக்கும். இல்லாத ஒன்றை அவர் தேடமாட்டார். பொய்க் காரணம் சொல்லும் மறுப்பு, காரணமே சொல்லாத மறுப்பினும் கொடிது.

இதன் மறுதலையும் உண்டு. மூன்றாம் விதியைச் சோதிக்க எண் எழுதும்போது கை தவறிப் பன்னிரண்டு இலக்கங்கள் அடித்துவிட்டால், முதல் விதியே அதனை மறுத்துவிடும். சோதனை தேறும், மூன்றாம் விதி ஒருகாலும் ஓடியிராது. நிரலின் பிழையோடு சோதனையின் பிழையையும் வெளிப்படுத்தவல்லது செய்தி ஒன்றே.

ஆகவே செய்தியைச் சோதிக்கும் வழிகளைக் கூறுவோம். பைத்தானோடு வரும் யூனிட்டெஸ்ட் என்னும் தொகுப்பில் 'அசெர்ட் ரெய்ஸஸ் ரெஜெக்ஸ்' என்பது இதற்கென்றே உள்ளது. பைடெஸ்டில், மேற்சொன்ன ரெய்ஸஸோடு 'மேட்ச்' என்னும் உறுப்பைச் சேர்த்து, "11 இலக்கம்" என்று எழுதினால் போதும். எழுந்த செய்தியில் அத்தொடர் எங்கேனும் இருந்தால் தேறும், இல்லாவிடில் தவறும். இதனைச் சேர்த்த அளவில், மேலே பொய்யாகத் தேறிய சோதனை உடனே தவறி உண்மையை உரைக்கும்.

இங்கே வழுக்கும் இடங்கள் நான்கு உள. இளைஞர்கள் கருத்திற் கொள்க.

முதலாவது, மேட்ச்சில் எழுதுவது வெறும் சொல் அன்று. அது ரெஜெக்ஸ் என்னும் வடிவ மொழி. அங்கே புள்ளி எந்த ஓரெழுத்துக்கும் நிற்கும். அடைப்புக்குறியோ அடைப்புக்குறியாகவே கொள்ளப்படாது. செய்தியில் "(0-9)" என்று அடைப்புக்குறி இருந்து, அதனை முன்னுள்ள சொல்லோடு சேர்த்து அப்படியே மேட்ச்சில் எழுதினால் பொருந்தாது. அந்நிலையில் 'ஆர்ஈ' தொகுப்பின் 'எஸ்கேப்' என்பதைக் கொண்டு தொடரைப் பொதிந்து கொடுத்தல் வேண்டும்.

இரண்டாவது, ரெய்ஸஸ் என்னும் பகுதிக்குள் எக்ஸெப்ஷன் எழுந்த கணமே அப்பகுதியின் எஞ்சிய வரிகள் ஓடாமல் விடப்படும். செய்தியைச் சோதிக்கும் வரியை அதற்குள்ளேயே கீழே எழுதினால், அவ்வரி என்றும் ஓடாது. சோதனை என்றும் தேறும். அதனைப் பகுதிக்கு வெளியே எழுதுக. அங்கும், பைடெஸ்ட் தரும் சான்றுப் பொருளை நேரே சொல்லாக்கலாகாது. அதன் 'வேல்யூ' என்னும் உறுப்பையே சொல்லாக்கிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, முன்னாளில் பைடெஸ்டின் ரெய்ஸஸில் 'மெசேஜ்' என்றோர் உறுப்பும் இருந்தது. அது எழுந்த செய்தியைச் சோதிக்கும் என்று பலரும் நம்பினர். உண்மையில், எக்ஸெப்ஷன் எழாதபோது சோதிப்பவருக்குக் காட்டும் சொல்லே அது. இக்குழப்பத்திற்கு இடமளித்தமையால் 2019-இல் வெளிவந்த 5.0 பதிப்பில் அது நீக்கப்பட்டது. பழைய நூல்களில் அதனைக் கண்டு எழுதற்க.

நான்காவது, அளவு. மேட்ச்சில் வெற்றுத்தொடர் எழுதினால் எச்செய்தியும் பொருந்தும். 'இலக்கம்' என்று மட்டும் எழுதினால் ஒன்றுக்கு மேற்பட்ட செய்திகள் பொருந்திவிடும். முழுச் செய்தியையும் எழுத்து பிசகாமல் எழுதினாலோ, நாளை ஒருவர் 'வேண்டும்' என்பதை 'வேண்டுகிறோம்' என்று திருத்தியவுடன் சோதனை தவறி வீண் அலைச்சலாகும். ஒரு விதியை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் தொடர் எதுவோ, அதனை மட்டும் சோதிப்பதே நடுவழி. பைத்தான் தானே தரும் ஆங்கிலச் செய்திகளைச் சொல்லுக்குச் சொல் சோதியாதிருப்பது நன்று. அவை பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியவை. 2021-இல் வந்த 3.10 பதிப்பில் இலக்கணப் பிழைச் செய்திகள் பலவும் திருத்தி எழுதப்பட்டன.

நிரலின் ஒரு பகுதி மற்றொரு பகுதியின் மறுப்பைக் கண்டு முடிவெடுக்க வேண்டியிருப்பின், செய்திச் சொற்களை நம்பாமல், வேல்யூ எரரின் கிளைகளாக 'நீளப் பிழை', 'சரிபார்ப்புப் பிழை' எனத் தனி வகைகளைப் படைத்துக்கொள்வது சிறப்பு. அப்போது வகையைச் சோதித்தாலே காரணம் தெரிந்துவிடும். ஆயினும், மனிதர் படிக்கும் செய்தி ஒன்றிருக்கும் வரை, அது சரியானதைச் சொல்கின்றதா என்று பார்க்கும் கடமையும் இருக்கும்.

தமிழில் செய்தி எழுதுவோர்க்கு மற்றும் இரண்டு கூற வேண்டும். 'பொருந்தவில்லை' என்னும் சொல்லின் முதலெழுத்தைப் பாருங்கள். அதிலுள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பும் காலுமாக இரு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பைத்தானுக்கு இரண்டும் வேறு. ஒருவர் ஒரு விசைப்பலகையில் செய்தியையும், மற்றொருவர் வேறொன்றில் சோதனையையும் அடித்தால், பொருந்த வேண்டியது பொருந்தாமல் போகக்கூடும். 'யூனிகோடுடேட்டா' தொகுப்பின் 'நார்மலைஸ்' என்பதால் இரண்டையும் 'என்எஃப்சி' வடிவிற்குக் கொணர்ந்து ஒப்பிடின் இத்தொல்லை தீரும்.

மற்றொன்று மகிழ்ச்சி தருவது. பைத்தானின் இன்ட், ௧௧ என்று தமிழ் இலக்கத்தில் எழுதினும் பதினொன்று என்றே ஏற்கும். 'இஸ்டிஜிட்' என்னும் சோதனையும் தமிழ் இலக்கங்களை இலக்கமென்றே ஒப்பும். பத்தைக் குறிக்கும் ௰ என்பதை ஒப்பாது. ஆனால் வேகன் எண் 0 முதல் 9 வரையுள்ள குறிகளால் மட்டுமே அமைய வேண்டுமாயின், இம்மகிழ்ச்சி இடராகும். அதற்கெனத் தனி விதியும், தனிச் செய்தியும், தனிச் சோதனையும் வேண்டும்.

இவையெல்லாம் நிரல் எழுதுவோர் கவலை, நமக்கென்ன என்று வாசகர் எண்ணலாகாது. நம் குடும்பங்கள் அன்றாடம் நிற்பது இவ்வாயில்களின் முன்னேதான். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னிற்கின்றது. வடபுலத்தில் பள்ளிச் சேர்க்கை, வங்கி, தேர்வு என எதற்கு விண்ணப்பித்தாலும் படிவம் குடும்பப் பெயரைக் கேட்கும். முதலெழுத்தை இட்டால் 'பெயர் செல்லாது' என்று சிவந்த எழுத்தில் வரும். என்ன குறை என்று சொல்லாது. ஒருவர் தந்தை பெயரை விரித்து எழுதுவார். மற்றொருவர் ஊர்ப் பெயரை இடுவார். இன்னொருவர் தம் பெயரையே இருமுறை எழுதுவார். ஒரே பிள்ளைக்கு மூன்று சான்றிதழில் மூன்று பெயர் அமைந்து, பின்னர் அவற்றை ஒன்றாக்க விடுப்பெடுத்து அலையும் பெற்றோர் நம்மிடையே எத்தனை பேர்!

அந்நிரலை எழுதியவர், 'குடும்பப் பெயரில் குறைந்தது இரண்டு எழுத்துகள் வேண்டும்' என்று காரணத்தைச் செய்தியாக எழுதி, அச்செய்தியைச் சோதனையிலும் எழுத நேர்ந்திருந்தால், எழுதும்போதே 'ஏன் இரண்டு?' என்ற ஐயம் அவருக்கே தோன்றியிருக்கக்கூடும். காரணத்தை வெளிப்படச் சொல்ல வேண்டியிருப்பின், காரணமில்லாத விதி நாணி நிற்கும். 'செல்லாது' என்னும் ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் எவ்விதியும் ஒளிந்துகொள்ளலாம்.

ஆதலின் அச்செல்விக்கும் அவர் போன்றார்க்கும் நாம் கூறுவது இது. ஒவ்வொரு விதிக்கும் ஒரு சோதனை எழுதுக. அவ்விதியை மட்டும் மீறி, மற்றவற்றுக்கு இயன்றவரை உட்பட்ட தரவைக் கொடுக்க. மறுப்பின் வகையோடு, காரணத்தைக் காட்டும் தொடரையும் சோதிக்க. பின்னர் விதிகளை ஒவ்வொன்றாக நீக்கி ஓட்டிப் பார்க்க. எதை நீக்கியும் எச்சோதனையும் தவறவில்லையெனில் அவ்விதிக்குச் சோதனையே இல்லை என்று கொள்க. ஏற்கத்தக்க தரவு ஏற்கப்படுகின்றதா என்பதையும் மறவாது சோதிக்க. வந்தது எதுவாயினும் வேல்யூ எரர் எழுப்பும் நிரல் ஒன்று, வகையை மட்டும் பார்க்கும் மறுப்புச் சோதனைகள் அனைத்திலும் தேறிவிடும் அன்றோ? பெயர்ப் படிவமாயின், ஏற்கத்தக்கவற்றின் வரிசையில் ஓரெழுத்து முன்னெழுத்துடைய தமிழ்ப் பெயர் ஒன்றையும் தவறாது சேர்க்க.

ஆசிரியர் திருப்பிக் கொடுத்ததில் வருந்த வேண்டுவதில்லை. அவர் வெறுமனே மறுக்கவில்லை. காரணத்தைச் சொல்லித் திருப்பியிருக்கின்றார். அடுத்த திங்கள், தேதிகளைச் சோதிக்கும் முறையையும், பிப்ரவரி 29 படுத்தும் பாட்டையும் பற்றி எழுதுவோம்.